பெயர் வைத்தும் மாறாத இன்டெக்ஸ்

வணக்கம் உறவுகளே. பின்னால் கேட்கிறது நெல் ஆலைச் சத்தம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. கிளிநொச்சியில் தெரிந்தவர் ஒருவரின் ஆலைக் கணக்கறையில் இருந்துதான் கதைக்கிறேன்.

இங்கே தராசுக்கு ஒரு கணினி, பில் போட ஒரு கணினி. இரண்டின் லாக்கையும், அதாவது நடந்ததை வரி வரியாகக் குறிக்கும் பதிவையும், ஃபைல்பீட் என்ற மென்பொருள் எடுத்து எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடும் தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. பதிப்பு 7.17. எல்லாம் 'ஃபைல்பீட்' என்று தொடங்கும் ஒரே இன்டெக்ஸில், அதாவது எலாஸ்டிக்சேர்ச் தரவைச் சேர்த்து வைக்கும் ஒரே தொகுப்பில், போய் விழுகிறது. ஆட்டக்காரி நெல்லையும் மொட்டைக்கறுப்பன் நெல்லையும் ஒரே சாக்கில் கொட்டின மாதிரி. தராசு லாக் ஒரு கிழமைக்குப் பிறகு தேவையில்லை, பில் லாக்கை வருடக்கணக்கில் வைக்க வேண்டும். அதனால் பெயரைப் பிரிக்கப் பார்த்தேன்.

ஃபைல்பீட்டின் கான்ஃபிக் ஃபைலில், அதாவது அதன் அமைப்புகளை எழுதும் கோப்பில், அவுட்புட்.எலாஸ்டிக்சேர்ச் என்ற இடத்துக்குக் கீழே 'இன்டெக்ஸ்' என்று ஒரு வரி. ஆலையின் பெயர், லாக்கின் வகை, திகதி என்று அதில் கொடுத்தேன். வகையை ஒவ்வொரு இன்புட்டிலும், அதாவது எந்த லாக்கை வாசிப்பது என்று சொல்லும் இடத்திலும், 'ஃபீல்ட்ஸ்' போட்டுச் சொல்லிவிடலாம். பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. பெரிய எழுத்தை எலாஸ்டிக்சேர்ச் ஏற்காது.

ரீஸ்டார்ட் பண்ணினால் ஃபைல்பீட் எழும்பவே இல்லை. பெயரை மாற்றினால் செட்டப்.டெம்ப்ளேட்.நேம், செட்டப்.டெம்ப்ளேட்.பேட்டர்ன் இரண்டையும் கொடு என்கிறது. நியாயம்தான், புதுப் பெயருக்கு எந்த டெம்ப்ளேட், அதாவது இன்டெக்ஸின் அமைப்பைச் சொல்லும் அச்சு, பொருந்தும் என்று அதற்குத் தெரிய வேண்டுமே. எந்தப் பெயர்களுக்கு அது பொருந்தும் என்று சொல்வது பேட்டர்ன்; அதன் கடைசியில் நட்சத்திரக் குறியை (*) விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, திரையைப் பாருங்கோ: இந்த இரண்டு வரியும் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கின்றன. நான் முதலில் அவுட்புட்டுக்குள்ளே தள்ளி எழுதி ஒரு மணித்தியாலம் மண்டையை உடைத்தேன்.

சரி, எழும்பிவிட்டது. போய்ப் பார்த்தால் லாக் பழைய பெயரிலேயே ஏறுகிறது! பிழை என்று ஒன்றும் கத்தவில்லை. காரணம் ஐஎல்எம், அதாவது இன்டெக்ஸின் ஆயுளைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதி. 7.0 இலிருந்து அது இயல்பாகவே இயங்கும். அது இருக்கும்வரை நீங்கள் வைத்த பெயர் செல்லாது. ஃபைல்பீட் தன் சொந்த லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். செட்டப்.ஐஎல்எம்.இனேபிள்ட் என்பதை ஃபால்ஸ் ஆக்கினேன். உடனே சரி. ஆனால் இனிப் பழைய இன்டெக்ஸ்களை அழிப்பது உங்கள் பொறுப்பு.

அழிக்கும்போது திகதியில் கவனம். பெயரில் வருகிற திகதி யூடிசி நேரம், அதாவது உலகப் பொது நேரம். அதில் நாள் மாறுவது நம் இலங்கை நேரப்படி விடிய 5.30க்கு. காலபோக அறுவடை நேரம் இங்கே 4 மணிக்கே தராசு ஓடும். அந்த ஒன்றரை மணித்தியாலமும் முதல் நாள் இன்டெக்ஸில்தான் கிடக்கும்.

அப்புறம், ஏற்கெனவே அனுப்பிய வரிகளை ஃபைல்பீட் திரும்ப அனுப்பாது, எதுவரை வாசித்தது என்று குறித்து வைத்திருக்கும். ஆகவே போன மாதத்துப் பில் எல்லாம் பழைய இன்டெக்ஸில்தான். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. முதலாளி எந்த நேரம் எந்தப் பில்லைக் கேட்பார் என்று யாருக்குத் தெரியும்.