நாலு சதவீதத்தின் எடை

வணக்கம்.

உழவைப் பற்றிப் பேச மேடை ஏறுகிறவர்கள் ஒரு செய்யுளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். உழவரைத் தெய்வம் என்போம், கை தட்டுவோம், கலைந்துபோவோம். தெய்வம் என்று சொல்லிவிட்டால் விலை பேச வேண்டியதில்லை, அந்த வசதிக்காகவும் இருக்கலாம். நான் இரண்டு எண்களிலிருந்து தொடங்குகிறேன்: 4, 26.

உலகம் முழுவதும் ஓராண்டில் உண்டாகும் மொத்த வருமானத்தில் வேளாண்மையின் பங்கு சுமார் 4 சதவீதம். வேலை செய்கிறவர்களில் வேளாண்மையில் இருப்பவர்கள் சுமார் 26 சதவீதம். நாலில் ஒருவர் அங்கே உழைக்கிறார். அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து வருவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளம்தான் இன்றைய பேச்சு.

முதலில் அந்த 4. இதைப் பார்த்துவிட்டு ‘வேளாண்மை சின்னத் துறை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள். விளைபொருள் வயலை விட்டுப் போகும்போது என்ன விலையோ, அதில் விதை, உரம், டீசல் செலவைக் கழித்த மிச்சம்தான் வேளாண்மைக் கணக்கில் ஏறும். மூட்டையை ஏற்றிப்போகும் லாரி, போக்குவரத்துக் கணக்கு. அரைக்கும் ஆலை, தொழில் கணக்கு. விற்கும் கடை, வணிகக் கணக்கு. வயல் ஒரு பருவம் நின்றால் இவையும் நிற்கும். ஏட்டில் மட்டும் ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம்.

சரி, கணக்கு முறையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பங்கு உண்மையிலேயே சுருங்கித்தான் வருகிறது. 1857ல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல், குடும்பங்களின் வரவு செலவை அலசிவிட்டு ஒன்று சொன்னார்: வருமானம் கூடக்கூட, அதில் உணவுக்குப் போகும் பங்கு குறையும். கையில் பணம் இரட்டிப்பானால் வீடு பெரிதாகலாம், துணிமணி கூடலாம். வயிறு இரட்டிப்பாகாதே. ஆகவே ஒரு நாடு வளர வளர, அதன் பணத்தில் உழவருக்குப் போகும் துண்டு சிறுத்துக்கொண்டே வரும். இதில் யாருடைய சதியும் இல்லை.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது. ஒரு புது விதை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விதைத்தவருக்கு மகசூல் கூடுகிறது, விலை இன்னும் பழைய விலைதான், நல்ல லாபம். பக்கத்து வயல்காரர் பார்க்கிறார், அவரும் விதைக்கிறார். ஊரே விதைத்து முடிக்கும்போது சந்தையில் சரக்கு குவிந்து விலை இறங்கிவிடுகிறது. முதலாமவர் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். புது விதைக்கு மாறாதவர் பாடு இன்னும் மோசம். அவருக்கு மகசூலும் இல்லை, விலையும் இல்லை. 1958ல் அமெரிக்கப் பொருளியலாளர் வில்லர்டு காக்ரேன் இதற்கு ‘டிரெட்மில்’ என்று பெயர் வைத்தார். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்ற இடம் மாறாது. நின்றுவிட்டால் விழ வேண்டியதுதான்.

அப்படியானால் அந்த ஓட்டத்தின் பலன் எங்கே போயிற்று? சாப்பிடுகிறவர்களிடம். அதாவது நம்மிடம். உணவு மலிவானதால் மிஞ்சிய பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், கையிலிருக்கும் செல்போன் எல்லாம். சோறு மலிவாக இருந்ததால்தான் ஆலை முதலாளியால் சம்பளத்தை அளவாக வைத்துக்கொள்ளவும் முடிந்தது. வேளாண்மை நன்றாகச் செய்த வேலைதான் அதன் எண்ணை 4க்கு இறக்கியது. நன்றாகத் தேர்வு எழுதியதற்காக மதிப்பெண்ணைக் குறைத்த கதை.

அப்புறம் அந்த 26. அமெரிக்காவில் 1900 வாக்கில் உழைப்பவர்களில் பத்தில் நாலு பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று 2 சதவீதம்கூட இல்லை. அங்கே வயலை விட்டுப் போனவர்களுக்கு ஆலைகள் காத்திருந்தன. வயலில் உபரியாக இருக்கும் ஆட்களை ஆலைகள் மெல்ல இழுத்துக்கொள்ளும் என்று 1954ல் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ் இதைக் கோட்பாடாகவே எழுதினார். பின்னால் நோபல் பரிசும் பெற்றார். பிந்திக் கிளம்பிய நாடுகளுக்கு அந்த வாய்ப்பு அவ்வளவாக வாய்க்கவில்லை. இன்றைய ஆலை, இயந்திரத்தை வாங்குகிறது, ஆளைக் குறைக்கிறது. போக வழியில்லாதவர்கள் வயலிலேயே தங்குகிறார்கள். 2020ல் பெருந்தொற்று வந்து நகரங்கள் மூடியபோது, பல நாடுகளில் போனவர்களும் ஊர் திரும்பினார்கள். வேலை இழந்தவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்ட துறை எது என்று அப்போது தெரிந்தது. அந்தக் காப்பீட்டுக்கு யாரும் பிரீமியம் கட்டியதில்லை.

வேளாண்மையிலிருந்து எடுத்துத்தான் பெரும்பாலான நாடுகள் தொழிலை வளர்த்தன. எப்படி எடுத்தன என்பதுதான் விஷயம். ஜப்பான் 1873ல் நிலத்தின் மதிப்பில் 3 சதவீதத்தைப் பணமாகக் கட்டு என்று வரி போட்டது. புது அரசின் வரி வருவாயில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. 1876ல் உழவர்கள் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டே வரி இரண்டரை சதவீதமாக இறங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குத்தகைக்கு உழுதவர்களுக்கே நிலம் கைமாறியது. கிராமத்தில் கொஞ்சம் காசு புழங்கியது; ஆலைச் சரக்குக்கு உள்நாட்டிலேயே வாங்க ஆள் கிடைத்தது.

சோவியத் ஒன்றியம் வேறு வழியில் போனது. 1929 முதல் நிலத்தைக் கூட்டுப்பண்ணையாக்கி, தானியத்தை வலுக்கட்டாயமாகக் கொள்முதல் செய்து, ஏற்றுமதியும் செய்தது. அந்தப் பணத்தில் இயந்திரம் வாங்கியது. 1932, 33ல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் லட்சக்கணக்கில் மாண்டார்கள். விளைவித்தவர்களே பட்டினியில் செத்தார்கள்.

விலையைப் பற்றியும் ஒரு பழைய கணக்கு உண்டு. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கிரிகரி கிங் என்ற புள்ளியியலாளர் போட்டதாகச் சொல்லப்படுவது. தானிய விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். விளைச்சல் பாதியானால் விலை நாலரை மடங்கு கூடும். மற்ற சரக்கு என்றால் அடுத்த மாதம் வாங்கலாம் என்று தள்ளிப்போடுவோம். பசியை எந்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவது? 2008ல் உலகம் இதை நேரில் பார்த்தது. அரிசி விலை ஏறியதும் பல நாடுகள் ஏற்றுமதியை நிறுத்தின. நிறுத்தியதாலேயே விலை இன்னும் ஏறியது. ஹைட்டியில் கலவரம் வெடித்துப் பிரதமரின் பதவி போனது. நாலு சதவீதத் துறைதான், ஆட்சியைக் கவிழ்க்கிறது.

இந்தச் சுமையைத் தாங்குவது யார்? உலகின் பண்ணைகளில் ஆறில் ஐந்து, 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. அவர்கள் எல்லாருடைய நிலத்தையும் சேர்த்தால் மொத்த விளைநிலத்தில் எட்டில் ஒரு பங்குதான் தேறும். அந்த வயல்களில் குனிந்து நிற்பவர்களில் பெண்கள் ஏராளம். நிலப் பத்திரத்தில் அவர்கள் பெயரைத் தேடினால் பல இடங்களில் கிடைக்காது. பெயர் இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை, வெள்ளச் சேதத்துக்கு நிவாரணமும் இல்லை.

இப்படிப் பேசி முடித்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ‘எல்லாரும் வயலுக்குத் திரும்ப வேண்டுமா?’ வேண்டாம். ஏற்கெனவே நாலு பேர் உண்ணும் இலையில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். போக விரும்புகிறவருக்கு வெளியே வேலை வேண்டும். இருக்க விரும்புகிறவருக்கு உழும் நிலத்தில் உறுதியான உரிமையும், விலை சரியும் ஆண்டில் ஒரு தாங்குகோலும் வேண்டும். அந்தத் தாங்குகோல் ஆதரவு விலையா, நேரடிப் பணமா, பயிர்க் காப்பீடா என்பதில் எனக்கும் உங்களில் சிலருக்கும் ஒத்துப்போகாது. அதை இப்போதே எடுத்துக்கொள்வோம். முதல் கேள்வி யாருடையது?