ஒரே கரை, பதினைந்து நிமிடம்: தை மாதத்துக்கு ஒரு பறவைத் திட்டம்

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

தை பிறக்கப் போகிறது. பலரும் இந்த மாதத்துக்கென்று ஏதோ ஒரு இலக்கை மனத்தில் வைத்திருப்பீர்கள். காலையில் எழ வேண்டும், நடக்க வேண்டும், கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வேலையில் முடித்துத் தருவது பறவை பார்த்தல். இன்று பேசப்போவது அதற்கான ஒரு மாதத் திட்டம்.

இலக்கை எப்படி வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "இந்த மாதம் ஐம்பது பறவை பார்த்துவிடுவேன்" என்று தொடங்குவார்கள். பறவை வருவதும் வராததும் நம் கையில் இல்லை. முதல் வாரத்தில் முப்பது எளிதாகக் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் வராத நாட்கள் தொடர்ந்தால் ஆர்வம் வடிந்துபோகும். அதனால், நம் கையில் இருப்பதை இலக்காக வையுங்கள். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஏரிக்கரை, குளக்கரை, வயல் வரப்பு, எதுவானாலும் ஒரே இடம். காலை ஆறரை மணியளவில், பதினைந்து நிமிடம். அங்கே கண்ணிலும் காதிலும் படும் எல்லாப் பறவைகளையும் எண்ணிக் குறிப்பது. இலக்கு இவ்வளவுதான்.

ஏன் ஒரே இடம்? முள்மரத்தில் உட்காரும் பழுப்புக் கீச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். கண் வழியாகக் கறுப்புப் பட்டை, செம்பழுப்பு வால். வடகிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் வலசை வரும் பறவை. வந்ததும் ஒரு வேலியையோ நாலு மரத்தையோ தன் எல்லையாக வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் அங்கேயே சுற்றும். இடம் மாற்றி மாற்றிப் போகிறவருக்கு அது ஒரு பெயர் மட்டும். தினமும் அதே கரைக்குப் போகிறவருக்கு, அது எந்தக் கிளையில் உட்காரும், யாரை விரட்டும் என்பதெல்லாம் பத்தே நாளில் பழகிவிடும்.

இன்னொரு காரணம் தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகள் தையில் மெல்ல வற்றத் தொடங்கும். ஓரத்துச் சேறு வெளியே வரும். சேறு தெரிந்தால், அதில் இரை தேடும் உள்ளான் பறவைகள் இறங்கும். ஆழம் குறைந்தால் நாரைகள் நடந்து மேயும். முக்குளிப்பான் நடுத்தண்ணீருக்கு ஒதுங்கும். முதல் நாள் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவைத்தால், மாதக் கடைசியில் பறவை மாறியதற்கான காரணம் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.

நிற்கும் இடம் முக்கியம். காலை நேரத்தில் ஏரியின் கிழக்குக் கரையில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் நீர்க்காகமும் தாழைக்கோழியும் நாமக்கோழியும் எல்லாமே கறுப்பு நிழலாகத்தான் தெரியும். நிறம் தெரியவில்லை என்று கருவியைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் சூரியனுக்கு எதிரே நிற்கிறவர்கள்.

கருவி என்றால் ஒரு இருகண்நோக்கி, அதாவது பைனாகுலர், போதும். 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும், பார்க்கும் பரப்பும் குறையும். புதிதாகப் பழகுகிறவருக்கு 8 தான் சரி.

வாங்கிய அன்றே அதை உங்கள் கண்ணுக்குப் பொருத்த வேண்டும். இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்கள் ஒரே வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்யுங்கள். பிறகு வலது பக்கத்தை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை இடது கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்பி எழுத்தைத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துவையுங்கள்; இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். பெரும்பாலான கருவிகளில் இந்த வளையம் வலது பக்கத்தில்தான் இருக்கும். இதைச் செய்யாததால்தான் பலருக்குத் தலைவலி வருகிறது. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள் கண் வைக்கும் பக்கத்து ரப்பர் குவளையை உள்ளே இறக்கிவிட வேண்டும். சூரியனை இதன் வழியாக ஒருபோதும் பார்க்காதீர்கள், கண் போய்விடும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தூசியைத் துணியால் துடைக்காமல் முதலில் ஊதித் தள்ளுங்கள். இல்லாவிட்டால் மணல் கண்ணாடியைக் கீறும்.

பறவையை முதலில் வெறும் கண்ணால் பிடியுங்கள். பார்வையை அதன் மேலிருந்து எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கருவியை வைத்துக்கொண்டு மரம் மரமாகத் துழாவினால், தேடி முடிப்பதற்குள் பறவை பறந்துவிடும்.

இனி வெள்ளைக் கொக்குகள். நம் ஏரிகளில் புதியவர்களை அதிகமாகக் குழப்புவது இந்தக் கூட்டம்தான். ஒரு வாரத்தை முழுதாக இதற்கே கொடுக்கலாம். அலகையும் காலையும் பாருங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் மறைந்துவிடும். காலைத் தூக்கும்வரை காத்திருங்கள். குட்டையான மஞ்சள் அலகும் தடித்த கழுத்துமாக மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு. மிச்சம் இருப்பவை இரண்டு, நடுத்தரக் கொக்கும் பெரிய கொக்கும். இரண்டுக்கும் இந்தப் பருவத்தில் மஞ்சள் அலகு, கறுப்புக் கால். பக்கத்தில் வேறு பறவை இல்லாவிட்டால் உயரத்தை நம்பக் கூடாது. வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகிலிருந்து போகும் அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

இவற்றோடு மடையான் என்ற கொக்கும் சேர்ந்து ஏமாற்றும். உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம். எழுந்து பறந்தால் சிறகு தூய வெள்ளை. பலர் இதை இரண்டு பறவையாக எழுதிவிடுகிறார்கள்.

குறிப்பு எழுதும் முறைக்கு வருவோம். தேதி, தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், பறவையின் பெயர், எண்ணிக்கை. "நிறைய" என்று எழுதாதீர்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, மொத்தத்தில் அப்படி எத்தனை பத்து என்று கணக்கிடுங்கள். தெரியாத பறவைக்குப் பெயர் ஊகிக்க வேண்டாம். "வாத்து, வகை தெரியவில்லை" என்பது நேர்மையான பதிவு. காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம், அண்டங்காக்கை முழுக்கக் கறுப்பு. இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள்.

இந்தப் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் ஈபேர்டு (eBird) இணையதளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் பயன்படும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்திருந்தால் "முழுப் பட்டியல்" என்று குறிக்கலாம். அப்போதுதான் ஒரு பறவை பட்டியலில் இல்லை என்பதும் ஒரு தகவலாகிறது. பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே பதினைந்து நிமிடப் பட்டியல்தான் தேவை. தை மாதத்தை அதிலேயே தொடங்கிவிடலாம். குரல் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. அவை சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதும் கண்ணும் ஒப்புக்கொள்ளாததைப் பதியாதீர்கள். மரத்தில் விடாமல் "கீச் கீச்" என்று கேட்பது அணிலாகவும் இருக்கும்.

பறவைகளின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது மேய்ச்சலை விட்டுவிட்டுத் தேடி அலையும். நீர்நிலைகளில் நாரைகள் கூடு கட்டும் காலம் இது. ஒரு பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், முட்டையோ குஞ்சோ தரையில் பக்கத்தில் எங்கோ இருக்கலாம். வந்த வழியிலேயே, தரையைப் பார்த்து நடந்து திரும்புங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால் மறுநாள் முப்பது நிமிடம் நிற்க வேண்டியதில்லை. நேர அளவு மாறினால் நாட்களை ஒப்பிட முடியாது. அடுத்த நாள் வழக்கம்போல் பதினைந்து நிமிடம், அவ்வளவே. பனி மூடிய காலைகளில் கேட்கும் குரல்களை மட்டும் எழுதுங்கள்.

உரை முடிந்தபின் ஒரு அம்மா கேட்டார்: "முட்டி வலி, கரைக்கு நடக்க முடியாது. நான் என்ன செய்வது?"

மாடியே போதும் அம்மா. அகலமான மண்தட்டில் தண்ணீர் வையுங்கள்; ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒரு கல் போட்டால் சின்னப் பறவைகள் அதில் நின்று குடிக்கும். பூனை பதுங்கக்கூடிய தொட்டிச் செடிகளிலிருந்து ஆறேழடி தள்ளி, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். தண்ணீரைத் தினமும் கொட்டி, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கொசு முட்டை பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. முதல் சில நாட்கள் ஒன்றுமே வராமல் இருக்கலாம். தட்டின் இடத்தை மாற்றாதீர்கள். பிறகு காகம், மைனா, சின்னான் என்று ஒவ்வொன்றாக வரும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வந்ததை நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்ணுங்கள்.