லோரோங் கூலிட்டில் வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி

வணக்கம் மக்களே, பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை அமைதியான இடம் தேடினால் மலைக்குத்தான் போக வேண்டும். இதோ, இதைக் காட்டத்தான் வந்தேன். காலையில் லோரோங் கூலிட் சந்தையில் வாங்கினேன். மரப்பெட்டி, நான்கு கால், முன்னால் இழுத்துச் சாத்துகிற கதவு, கதவுக்குச் சாவி கூட உண்டு. கடைக்காரர் எழுபது வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், ஐம்பதுக்குக் கொடுத்தார். வீட்டுக்குத் தூக்கி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, நாங்க தூக்கிப் போட்டத நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்றியா?"

நம் மலேசியாவில் டிவி தொடங்கியது 1963 டிசம்பர் 28. கலர் வந்தது 1978 டிசம்பர் 28, பதினைந்து வருடம் கழித்து அதே தேதி. அதுவும் தீபகற்பத்துக்கு மட்டும், சபா சரவாக்குக்கு 1980ல்தான். சிங்கப்பூரில் 1974லேயே வந்துவிட்டது, அந்த வருட உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையே கலரில் காட்டினார்கள்.

இங்கே கலர் வந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது, செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தார்கள். கலர் வந்த அன்று என்ன பார்த்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "என்னத்தப் பார்க்கிறது, எப்பவும் போலத்தான்" என்றார். யோசித்துப் பாருங்கள், கலர் வந்தது நிலையத்துக்கு, லயத்துக்கு இல்லை. ஆனால் அன்றைக்குப் பழைய டிவி ஒன்றும் நின்றுபோகவில்லையே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. நாம் எடுத்துக்கொண்டது பால் (PAL) என்கிற கலர் ஒளிபரப்பு முறை, குடிக்கிற பால் இல்லை, ஜெர்மனியில் வால்டர் புரூக் உருவாக்கியது. அதில் வெளிச்சம் எவ்வளவு என்ற தகவல் தனி, நிறம் என்ன என்ற தகவல் தனி, இரண்டும் ஒரே அலையில் சேர்ந்து வரும். பழைய பெட்டி வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாது. அதனால் அம்மா வீட்டில் கலர் நிகழ்ச்சியை வருடக்கணக்கில் கறுப்பு வெள்ளையிலேயே பார்த்தார்கள்.

நடுவில் தாத்தா ஒரு பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து திரையில் ஒட்டினாராம். மேலே நீலம், கீழே பச்சை. வானமும் புல்லும் வந்தால் சரி, செய்தி வாசிக்கிறவர் வந்தால் நெற்றி நீலம், நெஞ்சு பச்சை. பாட்டி இரண்டே நாளில் கிழித்துப் போட்டுவிட்டார்.

அப்புறம் ஒருநாள் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, வீட்டில் கலர் டிவி வந்தது. பிள்ளைகள் எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்று பார்ப்பார்களாம். தமிழ்ச் செய்தி வாசித்த பெண்ணின் சேலையை முதல் நாள் லயத்தில் எல்லோரும் அரக்கு என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாளும் அவர் அதே சேலையில் வந்தார், கிராணி வீட்டில் பார்த்தால் பளிச்சென்று நீலம்! அதற்கும் காரணம் இருக்கிறது. வெளிச்சத்தைக் கணக்கிடும்போது நூற்றில் பச்சைக்கு 59 பங்கு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு வெறும் 11. அதனால் நல்ல நீலம் கறுப்பு வெள்ளையில் அட்டைக்கரியாகத்தான் விழும், அதை அரக்கு என்றாலும் சரி, கருநீலம் என்றாலும் சரி, யாரும் மறுக்க முடியாது. அம்மாவுக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை. "அரக்குன்னு நெனச்சுத்தான் தீபாவளிக்கு அதே மாதிரி பாவாடை கேட்டு அழுதேன், வாங்கியும் குடுத்துட்டாங்க" என்கிறார்.

சரி, இந்தப் பெட்டி வேலை செய்யுமா? நேரடியாகச் செய்யாது, 2019ல் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், புதிய ஒளிபரப்பை இதற்கு ஏற்றபடி மாற்றித் தர நடுவில் ஒரு கருவி வேண்டும். பட்டர்வொர்த்தில் பழைய டிவி பழுதுபார்க்கிற ஓர் அங்கிள் இருக்கிறார், செவ்வாய்க்கிழமை கொண்டுபோகிறேன். நீங்கள் யாராவது இப்படி வாங்கினால் பின்பக்கத்தை நீங்களே திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கின பிறகும் படக்குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். சாவியை மட்டும் அம்மா எடுத்து வைத்துக்கொண்டார், கேட்டால் தர மாட்டேன் என்கிறார்.