திரும்பி வந்து பாடட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் இருக்கிற ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்.

பிரிந்துபோன இசைக்குழு திரும்பவும் கூடிப் புது அல்பம் போடலாமா, பழைய பேரோடு நின்றுவிட வேண்டுமா? போடத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றார் எதிரணித் தலைவர். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு பழஞ்சோற்றைக் குறை சொல்லலாமா? சரி, விசயத்துக்கு வருவோம்.

அவுஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்தில், 1977இல் ரொபேட் ஃபோஸ்ரரும் கிரான்ட் மக்லெனனும் தொடங்கிய குழு, கோ-பிட்வீன்ஸ். பெரிய கம்பனிகளைச் சாராத இண்டி பொப் இசையில் பிறகு வந்த பலருக்கு வழிகாட்டி. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்; ஆனால் பெரிய வெற்றிப் பாட்டு ஒன்றும் அமையவில்லை. ஆறு அல்பம் போட்டுவிட்டு 1989இல் பிரிந்தார்கள். அதோடு நின்றிருந்தால் எதிரணிக்குப் பிடித்த மாதிரி அழகான முடிவுதான்.

ஆனால் 2000இல் ஒரு புது அல்பத்தோடு திரும்பி வந்தார்கள். 2003இல் ஒன்று, 2005இல் இன்னொன்று என்று மூன்று அல்பம். அந்த மூன்றாவதற்குத்தான் அவுஸ்திரேலியாவின் ஆரியா இசை விருது. பேர் கெட்டதா? 2010இல் பிரிஸ்பேன் ஆற்றின் மேல் கட்டிய பாலத்துக்கே இந்தக் குழுவின் பேரை வைத்தது அந்த ஊர்.

நடுவர் அவர்களே, இடையில் ஒன்று நடந்தது. 2006 மே மாதம் மக்லெனன் இறந்துபோனார். வயது 48. கூடிப் பாட அவர்களுக்குக் கிடைத்தது ஆறே வருடம். பேர் கெட்டுவிடுமோ என்று தயங்கியிருந்தால் அந்த மூன்று அல்பமும் அவரோடு போயிருக்கும். எதிரணி இதற்கு என்ன சொல்லப்போகிறது?

தொண்ணூறுகளில் இங்கே கரண்ட் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லோடு டைனமோவை உரச வைத்து, பெடலைக் கையால் சுற்றி, அதில் வந்த கரண்டில்தான் கசெற்றில் பாட்டுக் கேட்டோம். கை ஓய்ந்தால் பாட்டு இழுபட்டு, அடித்தொண்டையில் முனகி நின்றுவிடும். அப்போது, கேட்ட மட்டும் போதும் என்று ஒருவரும் எழுந்து போனதில்லை. பக்கத்தில் இருந்தவர் வந்து பெடலைப் பிடித்தார்.