இலையைப் பார்த்துச் செடி வாங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் பூச்செடி வளர்ப்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊருக்குப் போனாலும் என்னிடம் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "செடி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் வரலியே, ஏன்?" என்பார்கள். இது என்ன செடி, தெரியுமா ஆச்சி என்று நான் திருப்பிக் கேட்பேன். முல்லை என்று வாங்கியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் அது வேறொன்றாக இருக்கும். பெயர் மாறினால் பராமரிப்பும் மாறிவிடும், பூவும் தள்ளிப் போய்விடும். அதனால் இன்று அடையாளம் காண்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

நர்சரியில் கன்று பூவில்லாமல்தான் இருக்கும். நம்பி எடுக்க இலை ஒன்றுதான் வழி. மல்லிகை, முல்லை, பிச்சி மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பிச்சியைத்தான் பூக்கடையில் ஜாதிமல்லி என்பார்கள். மல்லிகைக்கு ஒரு காம்புக்கு ஒரே இலை, கணுவுக்குக் கணு எதிரெதிராக இருக்கும். முல்லையில் நடு இலை பெரிதாக இருக்க, அதன் அடியில் காம்பின் இரண்டு பக்கமும் இரண்டு குட்டி இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சில இலைகளில் அந்தக் குட்டிகள் இல்லாமலும் இருக்கும். ஆகவே ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் நாலைந்து இலைகளைப் புரட்டிப் பாருங்கள். பிச்சியைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். ஒரே காம்பில் ஐந்து, ஏழு, ஒன்பது என்று சிற்றிலைகள் இரண்டு வரிசையாக வந்து, நுனியில் ஒற்றை இலை நிற்கும். மொட்டு விட்ட பிறகு பார்த்தால் மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறேன் என்றால், இந்த மூன்றுக்கும் கவாத்துப் பருவம் வேறு வேறு. வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் வெட்ட வேண்டும். தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் போதும். இவை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்ட செடி கொடி கொடியாக ஓடுமே தவிர அதிகம் பூக்காது, அடியில் பழைய குச்சிகள் மண்டிக்கிடக்கும். வெட்ட மனசு வராமல் வைத்திருக்கிற வீடுகளில்தான் "பூ வரலியே" என்ற புலம்பல் அதிகம். தயங்காதீர்கள். கவாத்து முடித்துத் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் பங்குனியிலேயே மல்லிகை மொட்டு கட்ட ஆரம்பித்துவிடும்.

அடுத்து, இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா என்று பாருங்கள். நந்தியாவட்டை, அரளி, பொன்னரளி, ஈழத்தலரி நான்கிலும் பால் வரும். நான்கும் ஒரே குடும்பம். ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருப்பதை வைத்தும் சொல்லிவிடலாம். அரளிக்குக் கணுவுக்கு மூன்று இலை. பொன்னரளிக்கு மெல்லிய நீள இலை, ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தண்டைச் சுற்றி வரும். காய் பச்சையாக நாற்கோணமாக இருக்கும். இந்த இரண்டும் நஞ்சு. பொன்னரளிக் கொட்டை இதயத் துடிப்பையே கெடுத்துவிடும். ஆடு மாடு தொடாது, வேலிக்கு நல்லது என்று நடுகிறோம், சரிதான். ஆனால் குழந்தைகள் ஓடி விளையாடுகிற பக்கம் வேண்டவே வேண்டாம். யாராவது ஒரு கொட்டையை வாயில் போட்டுவிட்டால்கூடக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்.

ஈழத்தலரியைக் கோயில் வாசல்களில் பார்த்திருப்பீர்கள். போத்து நட்டாலே வரும் செடி. ஆனால் வெட்டிய கையோடு நட்டால் அழுகிவிடும். வெட்டிய குச்சியை ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாயில் பால் நன்றாகக் காய்ந்த பிறகு நடுங்கள். கோடையில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். பட்டுப்போய்விட்டதோ என்று பயந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் வேரை அழுக வைக்கிறது. சும்மா விடுங்கள், அதுவே துளிர்க்கும்.

தண்ணீர் குறைந்தால்தான் பூக்கும் இன்னொரு செடி காகிதப்பூ. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிவப்பும் ஊதாவுமாக நாம் பார்த்து ரசிப்பது இதழே இல்லை, நிறம் மாறிய இலை. மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும் அந்த வண்ண இலைகளுக்கு நடுவே வெள்ளையாகக் குழல் குழலாக நிற்பதுதான் உண்மையான பூ. நம் ஊர் வெயிலும் சரளை மண்ணும் இதற்கு வரப்பிரசாதம். மொட்டை வெயிலில் வையுங்கள். மண் காய்ந்து இலை லேசாகத் துவளும்போது தண்ணீர் விட்டால் போதும். உரத்தை அள்ளிக் கொட்டினால் முள்ளும் இலையுமாகத்தான் வளரும்.

ரங்கூன் மல்லிக்கு இதற்கு நேர்மாறு, ஈரம் வேண்டும். பர்மாவோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த ஊர்கள் நம்முடையவை. இந்தக் கொடியை இங்கே இன்னும் நிறைய வீடுகளில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடி மட்டும் கொடியிலேயே தங்கி முள்ளாக இறுகிவிடும். தடவிப் பார்த்தே கொடியை அடையாளம் சொல்லலாம். ஒரு நாள் சாயங்காலம் பக்கத்தில் நின்று பாருங்கள். நீளக் குழலோடு தொங்கும் மொட்டுகள் வெள்ளையாக விரியும், வாசனை எழும்பும். இருட்டியதும் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகள் தேடி வரும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பு, அடுத்த நாள் நல்ல சிவப்பு. அப்போது பகலில் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் சேர்ந்திருக்கும். நாற்றாக இருக்கும்போது புதர்ச் செடி போலத்தான் நிற்கும். கொடி ஓடவில்லையே என்று பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். வேர் பிடித்த பிறகுதான் ஏறும். ஏறிவிட்டால் முகப்புக் கம்பியே வளையும் அளவுக்குப் பாரம் ஏறும், பந்தலைக் கொஞ்சம் கனமாகவே போடுங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். நம்முடையது செம்மண். ஓரடி தோண்டினால் சரளை வந்துவிடும், சில இடத்தில் கடப்பாரையே இறங்காது. மேலே விட்ட தண்ணீர் ஓடிப்போகும், இல்லையென்றால் குழியிலேயே தேங்கும். அதனால் நீள அகல ஆழம் ஒன்றரை அடிக்குக் குறையாமல் குழி எடுத்து, அடியில் இரண்டு தேங்காய் மட்டையைப் போட்டு, மேல்மண், கரம்பை என்கிற கண்மாய் வண்டல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து மூடுங்கள். மட்டை ஈரத்தைப் பிடித்து வைக்கும். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். சித்திரையில் நட்டுவிட்டு நாளைக்கு நாலு தடவை தண்ணீர் ஊற்றுவது வீண் பாடு.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. இட்லிப்பூச் செடியைப் பாருங்கள், அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நுனித் தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருந்தும் அந்தத் தண்ணீரால் வேர் எடுக்க முடியாமல் போகிறது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பு கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இலை மேல் தெளியுங்கள். நுனி பச்சையாக இருந்து, அடி இலை முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு, தொழுவுரம் போதும். நம் முன்னோர் ஓட்டில் விழுந்த மழையை வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், அண்டா வைத்துப் பிடித்தார்கள். அந்த வழக்கத்தை இட்லிப்பூவுக்காகவாவது திரும்பக் கொண்டு வரலாம். மழைநீர் மாதிரி அதற்கு மருந்து கிடையாது.

செம்பருத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். அதற்கு வரும் பெரிய கேடு மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளியோடு செம்பருத்தியையும் படாத பாடு படுத்தியது. 2010இல் அசெரோபேகஸ் என்ற சின்னஞ்சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கடும் பூச்சிமருந்து அடித்தால் இந்த மாதிரிக் குளவிகள்தான் முதலில் சாகும். நுனி சுருண்டு வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு, மற்றதில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ அடியுங்கள். செடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

அப்புறம் கனகாம்பரம். கொஞ்சம் நிழல் இருந்தாலும் பூக்கும் என்பதால் கிணற்றடிக்கும் கொல்லைச் சுவர் ஓரத்துக்கும் ஏற்றது. கதிர் காய்ந்ததும் ஒரு கதிரைப் பறித்து ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். ஈரம் பட்ட காய் பட்டென்று வெடித்து விதையைத் தூர எறியும். பேரப்பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள், பொறுக்கிக் கொடுப்பார்கள். எத்தனை கதிர் காய்ந்தாலும் விதையே இல்லையென்றால் அது டெல்லி கனகாம்பரம். விதை கட்டாத ரகம். அதைத் தண்டு வெட்டித்தான் பெருக்க வேண்டும். முற்றாத நுனித் தண்டை நாலு விரல் நீளம் வெட்டி, ஈர மணலில் நிழலில் ஊன்றி வையுங்கள். வேர் விட்ட பிறகு எடுத்து நடலாம். வணக்கம்.