கண் தெரிந்தால்தான் கை வரும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெல்டிங் பழக ஆசை என்று யாராவது என்னிடம் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "எந்த மிஷின் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "ஹெல்மெட் பார்த்துவிட்டீர்களா?" கேட்டவர் முகத்தில் லேசாக ஒரு சலிப்பு தெரியும். பாதுகாப்பு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வார். விஷயம் அதுவல்ல. வெளியிலிருந்து பார்த்தால் வெல்டிங் கையால் செய்கிற வேலை. பழகிப் பார்த்தால் பாதிக்கு மேல் கண்ணால் செய்கிற வேலை. ராடு என்பது மின்சாரம் பாய்ந்து உருகி ஒட்டுகிற உலோகக் குச்சி. அதன் நுனிக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் குட்டை உருகி நிற்கும். அந்தக் குட்டையைப் பார்த்தபடியேதான் கையை நகர்த்த வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட மிஷின் இருந்தும் ஒட்டு கோணிக்கொண்டுதான் போகும்.

நான் தொழில்முறை வெல்டர் இல்லை. விடுமுறை நாட்களில் பழைய இரும்பை வைத்துக்கொண்டு ஸ்டாண்டு, பெஞ்சு, அலமாரி என்று எதையாவது ஒட்டிப் பார்க்கிறவன். அந்த அளவில் செய்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

பழக ஆரம்பித்த புதிதில் கையில் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடித் தகடு ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நீளமாக ஒட்டும்போது அதைப் பிடித்துக்கொள்வேன். டேக் அடிப்பது என்று ஒன்று உண்டு. இரண்டு துண்டுகளையும் நிலைநிறுத்த ஒரு புள்ளி மட்டும் ஒட்டுவது. ஒரு நொடி வேலை. இதற்குப் போய் தகடு எதற்கு என்று கண்ணை மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தேன். அன்றைக்கு ஒரு முப்பது நாற்பது டேக் இருக்கும். சாயங்காலம் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். நடுராத்திரியில் விழிப்பு வந்தபோது இரண்டு கண்ணிலும் யாரோ மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. இமையைத் திறந்தாலும் வலி, மூடினாலும் வலி. அறையில் எரிந்த சின்ன விளக்கின் வெளிச்சம்கூட ஊசி மாதிரி குத்தியது.

நடந்தது இதுதான். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரிகிற மின்பொறிக்கு ஆர்க் என்று பெயர். அதிலிருந்து வருகிற புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல் தோலைச் சுட்டுவிடுகிறது. வெயிலில் தோல் கருகுவது போலத்தான். சுட்ட உடனே தெரியாது. அடிபட்ட செல்கள் சில மணி நேரம் கழித்துத்தான் உரிய ஆரம்பிக்கும். அப்போது அடியில் உள்ள நரம்பு நுனிகள் வெளியே வந்துவிடும். 6 முதல் 12 மணி நேரம் கழித்து வலி வருவது அதனால்தான். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்று நான் நினைத்தது எல்லாம் பாதி பொய். ராடு தட்டுகிற இடத்தைப் பார்க்காமல் தட்ட முடியாது. பார்த்துத் தட்டி, பொறி வந்த பிறகுதான் கண் மூடுகிறது. நாற்பது தடவை அப்படி நடந்தால் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. எனக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான் ஆறும்.

வலிக்கிற கதிரைவிட வலிக்காத கதிர்தான் எனக்கு இப்போது அதிகப் பயம். கண்ணுக்குத் தெரிகிற கடும் நீல வெளிச்சம் உள்ளே விழித்திரை வரை போகும். விழித்திரைக்கு வலி தெரியாது. அகச்சிவப்புக் கதிர் பல வருடங்கள் பட்டால் கண்புரை வரும் என்பது கண்ணாடி ஊதும் தொழிலாளிகளிடம் பழைய காலத்திலேயே கண்டது. சாதாரணக் கூலிங் கிளாஸ் இங்கே செல்லாது. இரண்டு கூலிங் கிளாஸ் போட்டாலும் செல்லாது.

சரி, எந்தக் கண்ணாடி வேண்டும்? கடையில் 10, 11, 12 என்று ஷேடு எண் சொல்வார்கள். இந்த எண் அடுக்கடுக்காக ஏறுகிற எண். 10ஆம் எண் கண்ணாடி, தன் மேல் விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 7,000ல் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். 11ஆம் எண் 19,000ல் ஒரு பங்கு. 12 என்றால் 50,000ல் ஒரு பங்கு. அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் இருட்டு இரண்டரை மடங்குக்கு மேல் கூடுகிறது. 'ஒரு நம்பர்தானே கூட' என்று வாங்கி வந்தவர், உள்ளே ஒன்றும் தெரியாமல் தடுமாறுவது இதனால்தான்.

அமெரிக்காவில் பின்பற்றும் அட்டவணைப்படி, ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்ப் வரை குறைந்தபட்சம் ஷேடு 8, பரிந்துரை 10. ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி தானாக வந்து உருகுகிற மிக் வெல்டிங்கில் அதே ஆம்புக்குக் குறைந்தபட்சம் 10, பரிந்துரை 11. நமக்கு வேண்டிய வேலை எல்லாம் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். முதலில் இருட்டான எண்ணில் ஆரம்பியுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்து, உருகிய குட்டையின் விளிம்பு தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அட்டவணையின் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். எவ்வளவு இருட்டோ அவ்வளவு பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அளவுக்கு மீறி இருட்டாக இருந்தால், தெரியவில்லையே என்று மூக்கை ஆர்க்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவோம். புகை நேராக மூச்சுக்குள் போகும்.

தானாகக் கறுக்கிற ஹெல்மெட் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. 1981ல் சுவீடனில் ஹார்னெல் என்ற நிறுவனம் ஸ்பீட்கிளாஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. பூச்சு பூசிய ராடைக் கண்டுபிடித்த ஆஸ்கர் ஷெல்பெரியும் சுவீடன்காரர்தான் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஆர்க் இல்லாதபோது லேசான பச்சை வழியாக எல்லாம் தெரியும். ஆர்க் வந்ததும் உள்ளே இருக்கிற திரவப் படிகத் திரை கறுத்துவிடும். நல்ல ஹெல்மெட்டில் இதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை 25,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய வரம். ராடு எங்கே தட்டப் போகிறது என்று பார்த்துக்கொண்டே தட்டலாம். என் மாதிரி டேக் அடித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பேட்டரி தீர்ந்துபோனால் கண் போய்விடுமா என்று கேட்பார்கள். முறையாகத் தயாரித்த ஹெல்மெட்டில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற படலம் தனியாக, எப்போதும் இருக்கும். திரை கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் அது வேலை செய்யும். கறுக்காவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் மட்டும் உள்ளே வந்து கண் கூசும். 'முறையாகத் தயாரித்த' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஐரோப்பியத் தரம் என்றால் ஈஎன் 379 அல்லது அதற்குப் பதிலாக வந்த ஈஎன் ஐஎஸ்ஓ 16321, அமெரிக்கத் தரம் என்றால் இசட் 87.1 என்று கண்ணாடியிலோ ஓட்டிலோ பொறித்திருக்கும். ஈஎன் 379 குறியோடு 1/1/1/2 மாதிரி நான்கு எண்கள் வரும். பார்வைத் தெளிவு, வெளிச்சம் சிதறாமை, இருட்டு ஒரே சீராக இருப்பது, சாய்த்துப் பார்த்தாலும் மாறாமல் இருப்பது ஆகிய நான்குக்கும் மதிப்பெண் அது. இங்கே 1தான் முதல் வகுப்பு, 3 கடைசி. இந்தக் குறி எதுவுமே இல்லாத ஹெல்மெட்டை, மிஷினோடு இலவசமாக வந்தாலும், நான் முகத்தில் மாட்ட மாட்டேன்.

அப்புறம் சென்சார். வாங்கும்போது முன்பக்கம் சின்னக் கண்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மட்டும் இருந்தால், குறுக்கே ஒரு குழாய் மறைத்தால் போதும், ஹெல்மெட் ஆர்க்கைப் பார்க்காது. வெளிச்சம் நேராக உங்கள் கண்ணில் அடிக்கும். நான்கு இருந்தால் நல்லது. உருகாத டங்ஸ்டன் முனையால் ஆர்க் உண்டாக்குகிற டிக் வெல்டிங்கில் மிகக் குறைந்த ஆம்பில் வேலை செய்தால் மலிவான சென்சார்கள் ஆர்க்கைக் கண்டுகொள்வதே இல்லை.

இதில் ஒரு வெட்கக்கேடான கதையும் உண்டு. ஒரு சமயம் நான் போட்ட ஒட்டெல்லாம் கோடு விலகியே போனது. மிஷினைத் திட்டினேன், ராடை மாற்றினேன், ஒரு மாதம் இப்படியே ஓடியது. கடைசியில் பார்த்தால் ஹெல்மெட்டின் வெளிப்பக்கத்தில் மாட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தகடு பொறி தெறித்துத் தெறித்துப் பனி படிந்த மாதிரி ஆகிவிட்டது. புதுத் தகடு மாட்டினேன், அன்றைக்கே கை நேரானது. ஹெல்மெட் வாங்கும்போதே அந்தத் தகடுகளில் ஒரு அரை டஜன் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மாற்றுத் தகடு கிடைக்காத ஹெல்மெட் வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ளே உருப்பெருக்கிக் கண்ணாடி செருக இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்ததை உணராமல், தனக்குக் கை வராது என்று வெல்டிங்கையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

காண்டாக்ட் லென்ஸ் போட்டு வெல்டிங் செய்தால் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் என்றொரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. அது வெறும் புரளி.

ஹெல்மெட்டுக்கு அடியிலும் ஒரு வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஒட்டி முடித்ததும் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு, ஒட்டின் மேல் ஓடாகப் படிகிற கசடைச் சுத்தியால் தட்டுவோம். அந்தக் கசடு சூடாகவும் கூர்மையாகவும் பறக்கும். கிரைண்டர் அதைவிட மோசம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. ராடைத் தட்டி ஆர்க் வரவழைப்பதற்கு முன்னால் ஒரு குரல் கொடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி ஹெல்மெட்டுக்குள் பின்வழியாக நுழையும், அதையும் கவனியுங்கள்.

இனி மிஷின். இதற்கு நான் அதிக நேரம் எடுக்கப் போவதில்லை. வீட்டில் இரும்புச் சட்டம், குழாய் என்று 2 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒட்டுகிறவருக்கு இன்வெர்ட்டர் ராடு மிஷின் போதும். கரண்ட் போனால் வீட்டுக்குக் கொடுக்கிற இன்வெர்ட்டர் இல்லை இது, மின்னணுச் சுற்றால் ஓடுகிற வெல்டிங் மிஷின். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மிஷினைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். இதை ஒரு கையில் தூக்கிவிடலாம். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 70 முதல் 90 ஆம்ப், 3.15க்கு 100 முதல் 130. ஆக, உண்மையான 160 ஆம்ப் மிஷின் ஒன்று தாராளம்.

'உண்மையான' என்று ஏன் சொல்கிறேன்? கைக்கு அடக்கமான பெட்டியில் 300 ஆம்ப் என்று ஒட்டியிருப்பார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ராடு வெல்டிங்கில் ஆம்பை 0.04ஆல் பெருக்கி 20ஐக் கூட்டினால் ஆர்க்கின் வோல்ட் கிடைக்கும். 300 ஆம்ப் என்றால் 32 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 9,600 வாட். மிஷினுக்குள் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் மேலே. இவ்வளவையும் ஒரு வீட்டுப் பிளக் எப்படிக் கொடுக்கும்? பெயர்ப் பலகையில் உள்ளே இழுக்கிற ஆம்ப் எவ்வளவு என்று பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அங்கேயே டியூட்டி சைக்கிள் என்றும் இருக்கும். 160 ஆம்பில் 60 சதவீதம் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் ஒட்டலாம், 4 நிமிடம் ஆற விட வேண்டும். பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் ராடு மாற்றி, கசடு தட்டி, தள்ளி நின்று ரசிப்பதற்குள் அந்த 4 நிமிடம் போய்விடும். அதனால் 30 சதவீதமே போதும்.

ராடுகளுக்கு வகை எண் உண்டு. அதில் 6013 வாங்குங்கள். எளிதில் பற்றும், எல்லாக் கோணத்திலும் ஒட்டும். 7018 இன்னும் வலுவானது, ஆனால் ஈரம் பட்டால் பாழ். அதை உலர்த்தி வைக்கிற வசதி வந்த பிறகு பார்க்கலாம்.

மெல்லிய தகடுதான் உங்கள் வேலை என்றால் ராடு ஓட்டை போட்டுவிடும், மிக் மிஷினுக்குப் போங்கள். உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து காக்க அதற்கு வாயு சிலிண்டர் வேண்டும், காற்றடித்தால் வாயு கலைந்துவிடும். வாயு இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கோர் கம்பியும் உண்டு. அதற்கு டார்ச்சை, அதாவது கம்பி வெளிவருகிற கைப்பிடியை, மைனஸில் மாட்ட வேண்டும், சாதாரணக் கம்பிக்குப் பிளஸில். இதை மாற்றாமல் ஓட்டிவிட்டு மிஷின் பொறியாய்த் துப்புகிறது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். டிக் அழகானது, அதற்குப் பொறுமை வேண்டும், முதல் மிஷினாக வேண்டாம்.

துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே ஒட்டாதீர்கள். அந்தப் புகையால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டத்தில் ஒட்டுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பை ஆர்க்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். உடை பருத்தியாக இருக்கட்டும். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்தும் ஒருநாள் கண்ணில் வெளிச்சம் அடித்துவிட்டால், இருட்டறையில் இருங்கள், மூடிய இமை மேல் குளிர்ந்த துணி வையுங்கள், லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் திரும்பத் திரும்ப விட்டுக்கொள்ளாதீர்கள். வலி போகும், ஆனால் புண் ஆறுவது தள்ளிப்போகும். ஆர்க் வெளிச்சம் அடித்தால் பொதுவாக இரண்டு கண்ணும் சேர்ந்துதான் உறுத்தும். ஒரே ஒரு கண் மட்டும் உறுத்துகிறது என்றால் அது பெரும்பாலும் கிரைண்டர் துகள். கசக்காமல், விடியட்டும் என்று காத்திருக்காமல், உடனே கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.