அம்மி பறக்கிற ஊரில் மேட்டுப்பாத்தி எதற்கு?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, நோம்பிக்குத் தூரி ஆடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

'வீட்டுக் காய்கறிக்கு மேட்டுப்பாத்தி கட்டும் செலவு தகுமா, தகாதா?' என்பது தலைப்பு. தகாது என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று காரணம் சொன்னார். மழைத்தண்ணீர் தேங்காது, கீழே மண் மோசமாக இருந்தாலும் நல்ல மண்ணைக் கொட்டிக்கொள்ளலாம், குனிந்து நிமிர வேண்டியதில்லை. மூன்றும் சரிதான். எந்த ஊருக்குச் சரி என்பதுதான் என் கேள்வி.

மேட்டுப்பாத்தியின் வேலையே தண்ணீரை வடித்து அனுப்புவது. தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல். நம் காங்கேயம், தாராபுரம் பக்கம் 600ஐ ஒட்டித்தான் பெய்கிறது. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான். அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இப்போதுகூட மைக்கில் அது அடிக்கிற சத்தம் கேட்கிறதுதானே? அம்மியைத் தூக்குகிற காற்றுக்கு நேரே மண்ணை ஒரு அடி தூக்கி வைத்தால் ஈரம் எங்கே தங்கும்?

பத்துக்கு நாலடியில் ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்வோம். தரையோடு இருந்தால் வெயிலும் காற்றும் படுகிற இடம் 40 சதுர அடி. அதையே ஒரு அடி உயர்த்தினால் நாலு பக்கச் சுவரும் சேர்ந்து இன்னொரு 28 சதுர அடி. அந்தச் சுவரையும் செங்கல்லில் கட்டுகிறோம். வீடு கட்டினவர்களுக்குத் தெரியும், கொத்தனார் செங்கல்லை நனைக்காமல் வைக்கமாட்டார். காய்ந்த கல் கலவையில் இருக்கிற ஈரத்தை இழுத்துவிடும். கலவையை உறிஞ்சுகிற கல் பாத்தி மண்ணை மட்டும் விட்டுவைக்குமாங்க?

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கட்டினேன். பாத்திக்கு 150 செங்கல், கொத்தனார் கூலி, உள்ளே நிரப்ப 40 கன அடிக்குச் செம்மண், தொழுவுரம், நார்க்கழிவு. எல்லாம் சேர்த்து நாலு பாத்திக்கும் 21,000 ரூபாய் ஆனது. கார்த்திகை, மார்கழியில் கத்தரியும் வெண்டையும் செழிப்பாகத்தான் வந்தன. வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் மத்தியானம் செங்கல்லைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி சுட்டது. மண் சுருங்கிச் சுவரை விட்டு விலகி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விழுந்திருந்தது. ஊற்றின தண்ணீர் வேருக்குப் போகாமல் அந்த இடுக்கில் இறங்கி, அடிக்கல்லுக்குக் கீழே கசிந்து வெளியே ஓடியது. பாத்திக்குக் காலையில் இரண்டு குடம், பொழுதோட இரண்டு குடம் ஊற்றியும் தக்காளிப் பூ உதிர்ந்தது.

பக்கத்திலேயே என் மாமியார் ஒரு பாத்தி போட்டிருந்தார். அதே பத்துக்கு நாலு. நாலு விரல் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துச் சுற்றிலும் வரப்பு அணைத்து, உள்ளே கட்டுத்தரைக் குப்பையும் ஆட்டாம்புழுக்கையும் போட்டுக் கொத்தி, மேலே கடலைத்தோலும் மாடு கழித்த சோளத்தட்டும் மூடாக்காகப் பரப்பியிருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்றே குடம். அதே சித்திரை வெயிலில் மூடாக்கை விலக்கிப் பார்த்தேன், மண் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது, மண்புழு நெளிந்தது. செலவு என்று பார்த்தால் இரண்டு நாள் காலையில் மம்பட்டி பிடித்ததுதான். ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் புகை மட்டும் வந்த காடு தோட்டங்கள் இருக்கிற ஊரில், இரண்டு நாளைக்கு எட்டுக் குடமா மூன்று குடமா என்பது சின்ன விசயமில்லைங்க.

எதிரணி அண்ணன் 'வரப்பு உயர நீர் உயரும்' என்ற பழைய வாக்கைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். அந்த வாக்கு எங்கள் கட்சி. வரப்பு உயர்ந்தால் பயிர் நிற்கிற இடம் பள்ளமாகும், தண்ணீர் உள்ளே நிற்கும். பாத்தியை உயர்த்தச் சொல்லி அதில் எங்கே இருக்கிறது?

நல்ல மண்ணைக் கொட்டிக்கொள்ளலாம் என்றார். அந்தத் தொழுவுரத்தையும் மக்கின நார்க்கழிவையும் பள்ளப்பாத்தியில் கொட்டினால் வேண்டாம் என்றா சொல்லும்? என் மேட்டுப்பாத்தியில் காய்த்ததெல்லாம் அந்த உரத்தால் காய்த்தது. கொடுத்த காசில் பெரும்பகுதி செங்கல்லுக்கும் கூலிக்கும் போய்விட்டது. அதுவும் உரம் மக்க மக்க மண் இறங்கி, அடுத்த வருசமே நாலு விரல் குறைந்தது. திரும்பவும் வண்டி வைத்து மண் அடிக்க வேண்டி வந்தது.

சரி, மேடே வேண்டாமா? வேண்டும். கரிசலில் ஐப்பசி அடைமழைக்குத் தண்ணீர் நிற்கிற இடத்தில் வேண்டும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போடுகிறவர்கள் கிழங்கு அழுகாமல் இருக்க மேட்டுப்பாத்தி போடுகிறார்கள். நாற்று அழுகாமல் இருக்க நாற்றங்காலையும் அரையடி உயர்த்துகிறோம். ஆனால் அதற்கெல்லாம் யாராவது செங்கல் வாங்குகிறோமா? இரண்டு பக்க மண்ணை இழுத்துப் போட்டால் மேடு. மழைக்காலத்துக்கு இழுத்ததைக் கோடைக்குத் தள்ளியும் விடலாம். காசு கொடுத்துக் கட்டின மேட்டை அப்படித் தள்ள முடியாது.

குனிய முடியாதவர்கள் என்று சொன்னதை மட்டும் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். என் மாமனாருக்கு முழங்கால் வலி. அவர் உட்கார்ந்து கீரை கிள்ளுவதற்காக ஒரு பாத்தியை அப்படியே விட்டிருக்கிறேன். அது அவருக்காகச் செய்த செலவு, காய்கறிக் கணக்கில் நான் எழுதவில்லை. மற்ற மூன்றையும் பிரித்துவிட்டேன். அந்தச் செங்கல் இப்போது மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, எங்கள் வீடு இங்கிருந்து நடக்கிற தூரந்தான். நேற்றுப் பொழுதோட மாமனாருக்கு விட்ட மேட்டுப்பாத்திக்கும் மாமியாரின் பள்ளப்பாத்திக்கும் மூன்று மூன்று குடம் ஊற்றியிருக்கிறேன். இன்றைக்கு எதற்கும் ஊற்றவில்லை. காலையில் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு எட்டு வந்து, இரண்டிலும் ஒரு விரலை விட்டுப் பாருங்க. எதில் ஈரம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்க. நன்றி, வணக்கமுங்க.